பீரங்கிக் காவலில் பத்திரிகை நடத்திய காசியஸ் கிளே

காசியஸ் கிளே என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறவர் குத்துச்சண்டை வீரர் முகமது அலிதான். மதம் மாறுவதற்கு முன் அவருக்கு அதுதான் பெயர். 1980-ல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டியில் இறங்கியதைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரர் வேறொருவர். அலி பிறப்பதற்கு 132 ஆண்டுகளுக்கு முன்னால், அதே கென்டக்கி மாநிலத்தில் பிறந்த ஒரு வெள்ளைக்காரர் அவர். அடிமைகளை வைத்திருந்த பெரும் பண்ணையாரின் மகன். மூன்று முறை மாநிலச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தன் பத்திரிகை அலுவலகத்தின் வாசலுக்கு நேரே பீரங்கியை நிறுத்திவைத்து அடிமை முறையை எதிர்த்து எழுதியவர்.

ஒரு வெள்ளைப் பண்ணையாரின் பெயர் ஒரு கறுப்பர் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதே ஒரு கதை.

செல்வர் வீட்டுப் பிள்ளை

காசியஸ் மார்செல்லஸ் கிளே 1810 அக்டோபர் 19-ந் தேதி கென்டக்கியில் மேடிசன் மாவட்டத்தில் பிறந்தார். தந்தை கிரீன் கிளே அந்த மாநிலத்தின் மிகப் பெரிய நிலச்சுவான்தார்களில் ஒருவர். பிரிட்டனோடு நடந்த 1812-ம் ஆண்டுப் போரில் தளபதியாகப் பணியாற்றியவர். அடிமைகளை வைத்திருப்பதிலும் கென்டக்கியில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலரே. அமெரிக்க அரசியலில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த ஹென்றி கிளே இந்தக் குடும்பத்துக்கு உறவு.

1828-ல் தந்தை இறந்தார். நிலமும் வீடும் அடிமைகளும் மகனுக்கு வந்தன. உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஆயுள் முழுவதும் குறையாத சொத்து. லெக்சிங்டன் நகரிலிருந்த டிரான்சில்வேனியா கல்லூரியில் படித்துவிட்டு, மேல்படிப்புக்காக வடக்கே கனெக்டிகட் மாநிலத்திலுள்ள யேல் கல்லூரிக்குப் போனார். அங்கேதான் அவருடைய வாழ்க்கை திசை மாறியது.

அடிமை முறையை உடனடியாக ஒழிக்கவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிவந்த வில்லியம் லாயிட் காரிசன் என்ற பத்திரிகையாசிரியரின் பேச்சை அங்கே அவர் கேட்டார். காதால் கேட்டது போதாதென்று கண்ணாலும் ஒன்றைக் கண்டார். கனெக்டிகட்டின் மண் கல்லும் கரடுமானது. கென்டக்கியின் புல்வெளிகளோ பொன் விளையும் பூமி. ஆனாலும் கனெக்டிகட்டில் தொழிற்சாலைகள் இருந்தன, பள்ளிக்கூடங்கள் இருந்தன, தன் கையால் உழைத்துச் சாப்பிடுகிறவன் தலைநிமிர்ந்து நடந்தான். வளமான கென்டக்கி ஏன் பின்தங்கிக் கிடக்கிறது என்ற கேள்வி அந்த இளைஞர் மனத்தில் விழுந்தது. அடிமை முறைதான் காரணம் என்ற விடையோடு 1832-ல் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். மறு ஆண்டு லெக்சிங்டன் நகரத்து மேரி ஜேன் வார்ஃபீல்டைத் திருமணம் செய்துகொண்டார்.

சட்டசபையில்

1835-ல், 25 வயதுகூட நிறையாத நிலையில், கென்டக்கி சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1837-ல் மீண்டும் வெற்றி. பிறகு லெக்சிங்டனுக்குக் குடிபெயர்ந்து, 1840-ல் அந்தத் தொகுதியிலும் வென்றார். சாலைகள், பள்ளிகள் ஆகியவற்றுக்காகப் பேசுகிற உறுப்பினராகவே அவரைத் தொடக்கத்தில் எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

தகராறு வந்தது ஒரு சட்டத்தால். விற்பனைக்காக வெளி மாநிலங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது என்று கென்டக்கி 1833-ல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதை ரத்து செய்ய வேண்டும் என்று பண்ணையார்கள் முயன்றார்கள். கூடாது என்று நின்றார் கிளே. அடிமைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, அந்த முறையை ஒழிப்பது இயலாமல் போய்விடும் என்பது அவர் வாதம். பண்ணையார் மகனே பண்ணையார்களுக்கு எதிராகப் பேசினால் பொறுப்பார்களா? 1841 தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள். எதிர்த்து நின்ற ராபர்ட் விக்லிஃபுடன் துப்பாக்கிச் சண்டை வரைக்கும் போயிற்று. இருவர் குண்டும் குறி தவறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதன்பிறகு கிளே சட்டசபைக்குள் திரும்பவே இல்லை.

மேடையும் அவருக்குப் பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. 1843-ல் ரஸ்ஸல்ஸ் கேவ் என்ற இடத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில் சாமுவேல் பிரவுன் என்பவர் அவர் மார்பைக் குறிவைத்துச் சுட்டார். கிளே சட்டைக்குள் வைத்திருந்த பெரிய கத்தியின் உறையில் பட்டுக் குண்டு நின்றது. அடுத்த கணம் கிளே அந்தக் கத்தியை உருவிப் பாய்ந்தார். சுட்டவர் ஒரு கண்ணை இழந்தார். வழக்கு கிளேயின் மீதுதான் வந்தது. உறவினர் ஹென்றி கிளேயே வக்கீலாக நின்று வாதாடி அவரை விடுவித்தார். அடிமைகளுக்காகப் பேசுகிற பலரும் சாதுக்களாக இருந்த காலத்தில், இவர் முன்கோபி. அடிக்கு அடி கொடுக்கிறவர். அதுதான் அவர் உயிரைக் காத்தது; பின்னாளில் அதுதான் அவர் பெயரையும் கெடுத்தது.

கூலிக்காரனின் கணக்கு

ஊருக்கு உபதேசம் செய்கிறவர் தன் வீட்டில் அடிமைகளை வைத்திருக்கலாமா? 1844-ல் கிளே தனக்குச் சொந்தமான அடிமைகளை விடுதலை செய்தார். ஆனால் தந்தையின் உயிலின்படி குடும்பத்துக்கென்று கட்டிவைக்கப்பட்ட அடிமைகளை விடுவிக்கச் சட்டப்படி தனக்கு உரிமையில்லை என்று சொல்லி, அவர்களை அப்படியே வைத்துக்கொண்டார். எதிரிகள் இதை விடாமல் குத்திக்காட்டினார்கள்.

1845 ஜூன் 3-ந் தேதி லெக்சிங்டனில் அவருடைய வாரப் பத்திரிகை வெளிவந்தது. 'ட்ரூ அமெரிக்கன்' என்று பெயர். உண்மையான அமெரிக்கன் என்று பொருள். அந்த ஊரிலேயே, கடைவீதியின் நடுவில், சீப்சைட் என்ற சந்தையில் மனிதர்களை ஏலம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அடிமை ஒழிப்புக்கு ஒரு பத்திரிகை!

அடிமை முறையைப் பாவம் என்று எழுதியவர்கள் அமெரிக்காவில் அப்போது பலர் இருந்தார்கள். கிளே போட்டது வேறு கணக்கு. அது கூலிக்காரனின் கணக்கு. கென்டக்கி வெள்ளையர்களில் பெரும்பாலோருக்கு ஓர் அடிமைகூடக் கிடையாது. தச்சர்கள், கொல்லர்கள், செருப்புத் தைப்பவர்கள், சிறு விவசாயிகள் என்று உழைத்துச் சாப்பிடுகிறவர்களே அதிகம். கூலியில்லாமல் வேலை செய்ய ஆள் கிடைக்கிற ஊரில் கூலி கேட்கிற தச்சனை யார் கூப்பிடுவார்கள் என்று கிளே கேட்டார். கூப்பிட்டாலும் என்ன கூலி தருவார்கள்? அடிமை செய்கிற வேலையைச் செய்கிறான் என்பதால் அவனுக்கு மரியாதையும் இல்லை. அடிமைக்குக் கையில் காசு இல்லாததால் அவன் கடைக்கு வந்து எதையும் வாங்குவதில்லை. வாங்க ஆளில்லாத ஊரில் தொழிற்சாலை எப்படி வரும்? பெரும் பண்ணைகள் நிலத்தையெல்லாம் விழுங்கிவிட, குடியிருப்புகள் சிதறிப் போய், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லாமல் போகிறது. ஆகவே அடிமையின் கையில் பூட்டிய விலங்கு, அவன் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவனின் வயிற்றிலும் அடிக்கிறது. அவருடைய வாதத்தின் சாரம் இதுதான்.

பத்திரிகை சொன்ன வழியும் மிதமானதே. சட்டப்படி, ஓட்டுப் போட்டு, படிப்படியாக அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்றார் அவர். காரிசன் போன்றவர்கள் கேட்ட உடனடி விடுதலைக்கு அவர் போகவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் எல்லா வகையிலும் சமம் என்றும் அவர் ஏற்கவில்லை. அவருடைய நிலையில் இருந்த பெருங்குறை இது, அதை மறைப்பதற்கில்லை. இருந்தாலும் அந்த மிதமான பேச்சையே லெக்சிங்டன் பிரமுகர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. காரணம் எளிது. அடிமை இல்லாத வெள்ளைத் தொழிலாளியும் அவனுடைய ஓட்டும் கிளேயின் பக்கம் திரும்பிவிட்டால் அவர்கள் கதை முடிந்தது.

வாசலுக்கு நேரே பீரங்கி

அச்சுக்கூடத்தை உடைப்பார்கள் என்பது கிளேக்கு முதலிலேயே தெரியும். இல்லினாய் மாநிலத்தில் ஆல்டன் என்ற ஊரில் 1837-ல் எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகையாசிரியரை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றிருந்தது. அவர் செய்த குற்றமும் அடிமை முறையை எதிர்த்து எழுதியதுதான். ஆகவே கிளே முன்னேற்பாடாக ஒரு செங்கல் கட்டடத்தைப் பிடித்தார். கதவுகளுக்கு இரும்புத் தகடு அடித்தார். இரண்டு பித்தளைப் பீரங்கிகளை வாங்கி, குண்டும் ஆணியும் நிரப்பி, மேஜை மேல் ஏற்றி வாசலைப் பார்த்து நிறுத்தினார். ஈட்டிகளும் துப்பாக்கிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. தப்பிச் செல்லக் கூரையில் ஒரு வழி. கடைசியில் எதுவும் பலிக்காவிட்டால் கட்டடத்தையே தகர்த்துவிட வெடிமருந்து. தலையங்கம் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் இத்தனையும் வைத்துக்கொண்டு பத்திரிகை நடத்தியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

ஆனால் பீரங்கியால் தடுக்க முடியாத எதிரி ஒருவன் வந்தான். ஜூலையில் கிளேக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. ஆகஸ்டு 12-ந் தேதி இதழில் வந்த எழுத்து பிரமுகர்களின் கோபத்தைக் கிளறிவிட்டது. பண்ணையார்களின் சுகவாழ்வு எவ்வளவு ஆட்டங்கண்ட அஸ்திவாரத்தில் நிற்கிறது என்று அது எச்சரித்தது. அடிமைகளைக் கலகத்துக்குத் தூண்டுகிறார் என்று கூக்குரல் எழுந்தது. இரண்டு நாள் கழித்து நடந்த ஆலோசனைக் கூட்டத்துக்குக் கிளே படுக்கையிலிருந்து எழுந்து போனார். நிற்க முடியாமல் பெஞ்சில் படுத்தபடியே தன் பக்கத்தைச் சொல்லப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்டு 18-ந் தேதி நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் பெரும் பொதுக்கூட்டம் கூடியது. அறுபது பேர் கொண்ட குழு நியமிக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் தெருப் போக்கிரிகளல்ல, ஊரின் பெரிய மனிதர்கள். கிளேக்காக முன்பு வாதாடிய ஹென்றி கிளேயின் மகனும் அதில் ஒருவர். அச்சுக்கூடத்தின் சாவியைக் காய்ச்சலில் கிடந்தவரிடமிருந்து பெற்றுக்கொண்டார்கள். அச்சு எந்திரத்தைக் கழற்றினார்கள். எழுத்துக்களையும் தளவாடங்களையும் பெட்டிகளில் அடைத்தார்கள். எல்லாவற்றையும் ஓஹையோ ஆற்றுக்கு அப்பால், அடிமை முறையில்லாத சின்சினாட்டி நகருக்கு அனுப்பிவைத்தார்கள். பத்திரிகை தொடங்கி 76 நாள்தான் ஆகியிருந்தது.

கல்லெறி இல்லை, தீவைப்பு இல்லை, ரத்தம் சிந்தவில்லை. எல்லாம் ஒழுங்காக, கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிச் செய்யப்பட்டது. அறுபது பேர் மீதும் வழக்கு வந்தபோது விடுதலையும் கிடைத்தது. ஊரே ஒன்றுகூடிச் செய்துவிட்டால் அநியாயத்துக்கும் சட்டத்தின் உடை மாட்டிவிடலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஆனால் அவர்கள் நினைத்தது நடக்கவில்லை. உடல் தேறியதும் கிளே பத்திரிகையைச் சின்சினாட்டியில் அச்சடித்தார். முகப்பில் மட்டும் லெக்சிங்டன் என்றே போட்டார். பிறகு நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்து 2,500 டாலர் தீர்ப்பும் வாங்கினார்.

போரும் சிறையும்

1846-ல் மெக்சிகோவோடு போர் மூண்டது. அடிமை முறையைப் பரப்பவே இந்தப் போர் என்று கிளேயின் கட்சிக்காரர்கள் சொன்னார்கள். டெக்சாஸ் இணைப்பை எதிர்த்த கிளேயோ போருக்குத் தானே முன்வந்து போனார். நண்பர்கள் திகைத்தார்கள். 1847 ஜனவரியில் அவரும் அவருடைய ஆட்களும் மெக்சிகோ படையிடம் சிறைப்பட்டார்கள். கைதி ஒருவர் தப்பிவிட்ட கோபத்தில் மற்றவர்களைக் கொல்ல உத்தரவானபோது, வீரர்கள் குற்றமற்றவர்கள், தன்னை மட்டும் கொல்லுங்கள் என்று கிளே முன்னே நின்றார். எல்லோரும் பிழைத்தார்கள். விடுதலையாகி ஊர் திரும்பியபோது, அவருடைய அச்சுக்கூடத்தைத் தூக்கி அனுப்பிய அதே லெக்சிங்டன் அவருக்கு வரவேற்பு அளித்தது.

அந்த மரியாதை நெடுநாள் நீடிக்கவில்லை. 1849-ல் ஃபாக்ஸ்டவுன் என்ற ஊரில் கூட்டம் முடிந்ததும் எதிர்த்தரப்பார் அவரைச் சூழ்ந்துகொண்டு தாக்கினார்கள். கத்திக்குத்துப் பட்ட கிளே திருப்பித் தாக்கியதில் சைரஸ் டர்னர் என்பவர் உயிரிழந்தார். கிளேயும் பல நாள் சாவோடு போராடினார். 1851-ல் அடிமை ஒழிப்பு வேட்பாளராக கவர்னர் பதவிக்கு நின்று படுதோல்வி அடைந்தார்.

இந்தத் தோல்விகளுக்கு நடுவே அவர் செய்த ஒரு காரியம் மட்டும் இன்றுவரை நிற்கிறது. ஜான் ஃபீ என்ற பாதிரியாரை அழைத்து, மேடிசன் மாவட்டத்தில் நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார். அங்கே 1855-ல் உருவான பள்ளிதான் பிறகு பெரியா கல்லூரி ஆயிற்று. அடிமை முறை ஒழிந்தபின் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்த கல்லூரி அது. 1904-ல் கென்டக்கி அரசு தனிச் சட்டம் போட்டு இரு இனத்தாரையும் பிரித்தது. 1950-ல் கல்லூரி தன் கதவுகளை மீண்டும் இருவருக்கும் திறந்துவிட்டது.

லிங்கனும் ஜார் மன்னரும்

1854-ல் இல்லினாய் மாநிலத்தின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் கிளே பேசப் போனார். அரசாங்கக் கட்டடத்தில் இடம் மறுக்கப்பட்டதால் ஒரு தோப்பில் கூட்டம் நடந்தது. புல்தரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர் என்று கிளே பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். புதிதாக எழுந்த குடியரசுக் கட்சியில் இருவரும் சேர்ந்தார்கள். 1860-ல் லிங்கனோடு துணை ஜனாதிபதி வேட்பாளராகக் கிளேயை நிறுத்தவேண்டும் என்று ஒரு சாரார் முயன்றார்கள். கட்சி மாநாட்டில் ஹன்னிபல் ஹாம்லின் அவரை முந்திக்கொண்டார்.

1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டபோது வாஷிங்டனில் படை இல்லை. கிளே தொண்டர் படை திரட்டி, வெள்ளை மாளிகைக்குக் காவல் நின்றார். அதன்பின் ரஷ்யாவுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார். ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் அந்த ஆண்டுதான் கோடிக்கணக்கான பண்ணையடிமைகளை விடுதலை செய்து ஆணையிட்டிருந்தார். ஒரு பேரரசனால் முடிந்தது ஒரு குடியரசால் முடியவில்லையே என்ற எண்ணம் கிளேயை உறுத்தியிருக்க வேண்டும்.

1862-ல் ஊர் திரும்பிய அவருக்கு மேஜர் ஜெனரல் பதவி கிடைத்தது. அடிமைகளை விடுவிக்காதவரை வாளெடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கென்டக்கியின் மனநிலையை அறிந்துவர லிங்கன் அவரை அனுப்பினார். அந்த ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி விடுதலைப் பிரகடனத்தின் முதல் அறிவிப்பு வெளியாயிற்று. தன் யோசனையும் அதற்கு ஒரு காரணம் என்று கிளே கடைசிவரை சொல்லிவந்தார். ஆனால் என்ன விந்தை! வடக்கோடு நின்ற மாநிலங்களுக்கு அந்தப் பிரகடனம் செல்லாது. கென்டக்கி அவற்றில் ஒன்று. கிளேயின் சொந்த மாநிலத்தில் அடிமை முறை ஒழிந்தது 1865 டிசம்பரில், அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் வந்த பிறகுதான். அந்தத் திருத்தத்துக்குக் கென்டக்கி சட்டசபை ஒப்புதல் தந்தது எப்போது தெரியுமா? 1976-ல்!

1863 முதல் 1869 வரை மீண்டும் ரஷ்யாவில் தூதராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1867-ல், அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கியது.

வீட்டுக்குள் ஒரு வழக்கு

ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டவர் வீட்டில் நியாயம் செய்தாரா? அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் பண்ணையைக் கவனித்ததும், பெரிய மாளிகையாக 'வொய்ட் ஹால்' இல்லத்தைக் கட்டி எழுப்பும் வேலையை மேற்பார்த்ததும், பிள்ளைகளை வளர்த்ததும் மனைவி மேரி ஜேன்தான். 1878-ல் விவாகரத்து ஆனபோது, 45 ஆண்டு உழைப்புக்குப் பங்காக அந்தச் சொத்தில் அவருக்கு உரிமை எதுவும் இல்லை. அன்றைய சட்டம் அப்படி. கூலியில்லாத உழைப்பு அநியாயம் என்று எழுதிய கை, தன் வீட்டில் நடந்த அதே அநியாயத்தைக் காணவில்லை.

கண்டவர்கள் அவருடைய பெண்கள். மேரி பார் கிளேயும் லாரா கிளேயும் பெண்களின் ஓட்டுரிமைக்கும் சொத்துரிமைக்கும் போராடும் தலைவர்களானார்கள். மணமான பெண்களுக்குச் சொத்துரிமை தரும் சட்டம் கென்டக்கியில் 1894-ல் வந்ததற்கு அவர்கள் பாடுபட்ட இயக்கமும் ஒரு காரணம்.

அதே 1894-ல் அவர்களுடைய தந்தை, தம் 84-வது வயதில், 15 வயதுப் பெண் ஒருத்தியைத் திருமணம் செய்துகொண்டார். பெற்ற பிள்ளைகளே எதிர்த்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரிகளைப் பழைய பீரங்கியைக் காட்டி விரட்டினார். ஒரு காலத்தில் எழுத்துரிமையைக் காத்த பீரங்கிக்கு அப்படி ஒரு வேலை வந்தது. 1898-ல் அந்த மணமும் முறிந்தது. பகைவர்கள் வருகிறார்கள் என்ற பயத்திலேயே கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1903 ஜூலையில் நீதிமன்றம் அவரைச் சித்தம் கலங்கியவர் என்று அறிவித்தது. அதே மாதம் 22-ந் தேதி, 92-வது வயதில், வொய்ட் ஹாலில் காலமானார்.

பெயர் போன இடம்

கறுப்பு மக்கள் அவரை மறக்கவில்லை. 1912-ல் கென்டக்கியில், அடிமைகளின் வழிவந்த ஒரு கறுப்பர் குடும்பத்தில் பிறந்த ஆண் குழந்தைக்குக் காசியஸ் மார்செல்லஸ் கிளே என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்தார். 1942-ல் லூயிவில் நகரில் பிறந்த தன் மூத்த மகனுக்கும் அதே பெயரை வைத்தார். அந்த மகன் 1960-ல் ஒலிம்பிக் தங்கம் வென்று, 1964-ல் உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தையும் பறித்தார். அந்த ஆண்டே அந்தப் பெயரை உதறி முகமது அலி ஆனார். அது அடிமைப் பெயர், தனக்கு வேண்டாம் என்றார். அடிமைகளை விடுவித்தவராயினும் கிளே வெள்ளையரே உயர்ந்தவர் என்று எண்ணியவர்தானே என்பதையும் அலி சுட்டிக்காட்டினார்.

பெயரை வைத்த ஏழைக் குடும்பத்தின் நன்றியும் நியாயமானது, அதை உதறிய பேரனின் கோபமும் நியாயமானது. கிளேயின் வாழ்க்கையில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. அவர் முழு மனிதராக நடக்கவில்லை. ஆனால் தம் இனத்தாரின் லாபத்துக்கு எதிராக, தம் ஊரிலேயே நின்று, ஒரு கணக்கை அச்சடித்துக் காட்டினார். ஒருவனுக்குக் கூலி மறுக்கப்படும் ஊரில் மற்றவன் கூலியும் நிலைக்காது என்ற கணக்கு அது. அறுபது பெரிய மனிதர்கள் கூடி அச்சு எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கணக்கைத் தப்பு என்று காட்ட அவர்களில் ஒருவராலும் முடியவில்லை.